எங்கள் ஜன்னலும் பக்கத்து பாரும்

செம்பூருக்கு ‘காஸ் சேம்பர்’ என்று பட்டப் பெயர் சூட்டிய புண்ணியவான் யாரோ! ஒரு பக்கம் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, இன்னொரு பக்கம் மாஹுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், நடுவில் நாங்கள். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு ஒருவர் சிகரெட் புகையைப் பற்றி முறையிடுகிறாரே என்று மாட்டுங்கா அன்பர்கள் சிரிக்கக் கூடும். எங்கள் சொசைட்டி கூட்டத்திலும் சிரித்தார்கள். “சார், ரிஃபைனரியோட குடித்தனம் பண்ணிட்டு பீடிக்கு அழலாமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வீடு கட்டடத்தின் மேற்குப் பக்கம். எங்கள் வீடு கிழக்குப் பக்கம். விஷயமே அதுதான்.

எங்கள் கட்டடம் மூன்று மாடி. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில், வந்து 27 வருஷம் ஆகிறது. கிழக்கே காம்பவுண்டு சுவருக்கு அப்பால் முன்பு ஒரு சிறிய உடுப்பி ஓட்டல் இருந்தது. காலையில் சாம்பார் வாசனைதான் எங்களுக்கு அலாரம். பிறகு அது பர்மிட் ரூம் ஆயிற்று. 2023-ல் கைமாறி, விளக்கு அலங்காரத்துடன் ‘பப்’ ஆயிற்று. அதுவரை எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. உள்ளே ஏ.சி., கதவு மூடியிருக்கும். யார் குடித்தால் நமக்கென்ன?

அந்த வருஷம் அக்டோபரில் புதியவர்கள் பக்கவாட்டுக் காலி இடத்தில் தகரக் கூரை போட்டு, மூங்கில் தட்டி கட்டி, உயரமான மேஜைகள் நாலைந்து போட்டு, ‘ஸ்மோக்கிங் ஏரியா’ என்று ஒரு பலகை மாட்டினார்கள். டேப் வைத்து அளந்தேன். தொழில் புத்தி போகாது. எங்கள் படுக்கை அறை ஜன்னலிலிருந்து தகரக் கூரையின் விளிம்பு ஆறு மீட்டர்கூட இல்லை. மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வரை புகை, சிரிப்பு, செல்போன் பேச்சு, நடுநடுவே ஒரு பாட்டில் உடையும் சத்தம்.

என் மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். நெபுலைசர் அலமாரியில், வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை எடுப்போம். அந்த அக்டோபரிலும் நவம்பரிலுமாக ஒன்பது முறை எடுத்தோம். ஜன்னலைச் சாத்தினால் அக்டோபர் புழுக்கம், திறந்தால் புகை. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்க, நான் ஜன்னலருகே நின்று கீழே போய்விட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு கொஞ்சம் சீரானதும் அவள் சொன்னது இவ்வளவுதான்: “இதே பால்கனியிலதாங்க நீங்க நின்னு ஊதுவீங்க. அப்பவும் ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு.”

உண்மை. 1980-ல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஷெட்டில் சிகரெட் பழகியது. 1999 வரை ஊதித் தள்ளினேன். பெண் குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஏதோ படம் வரைந்து கொண்டுவந்து காட்டிய பிறகு விட்டேன். பத்தொன்பது வருஷப் புகையை இவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சுவாசித்திருக்கிறாள். அவளுக்கு ஆஸ்துமா வந்ததற்கு நான்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இது பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது கண்ணில் பட்டது ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயாமாவின் பெயர். 1981-ல் வெளியான அவருடைய ஆய்வு 91,540 பெண்களைப் பற்றியது. எல்லோரும் புகை பிடிக்காதவர்கள், மணமானவர்கள். பதினான்கு வருஷம் அவர்களைக் கவனித்ததில், கணவன் நிறையப் புகைப்பவனாக இருந்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சிகரெட் கம்பெனிகள் வரிந்து கட்டிக்கொண்டு மறுத்தன. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபுணர் குழு 2002-ல் கூடி, அடுத்தவர் விடும் புகையும் புற்றுநோய் உண்டாக்குவதே என்று முடிவு கட்டியது. ஹிராயாமா கணக்கெடுத்ததெல்லாம் வீட்டுக்குள் நடந்த கதை. அதைப் படித்த அன்று பார்க்காரன் மேல் இருந்த கோபத்தில் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் காரியத்தில் இறங்கினேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு சொசைட்டியிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் மானேஜரிடம் சத்தம் போட்டேன். கடை நிறையக் கூட்டம், நான் லுங்கியில். ஒரு வாடிக்கையாளர் செல்போனில் படம் பிடித்தார். மானேஜர் மரியாதையாகவே, “அங்கிள், அது ஓப்பன் ஸ்பேஸ், சட்டப்படி தப்பில்லை” என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். என்னுடன் வந்த மூவரும் அதற்குப் பிறகு எதற்கும் வரவில்லை.

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் என் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் தெருவிலும் இதே தகராறு உண்டாம். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை. அதனால் புகைப்பவர்கள் எல்லோரும் பின்கட்டுத் தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நிம்மதி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தலைவலி. அங்கே கவுன்சிலில் முறையிட்டால் முதலில் ஒரு படிவம் தருவார்களாம்: எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன தொல்லை, அதனால் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று நாள்தோறும் எழுத வேண்டும். “அப்பா, நீங்க கோபமா இருக்கீங்கன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. நோட்டுல எழுதுங்க” என்றாள்.

நோட்டு எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. முப்பத்தேழு வருஷம் லாக் புத்தகம் எழுதியவன். ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு 31 நாள் எழுதினேன். ஒவ்வொரு மணிக்கும் ஜன்னல் கட்டையில் ஒரு ஊதுவத்தி கொளுத்தி வைத்து, அதன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொண்டேன். மனைவி, “சாமிக்கு வைக்கிறதைவிட பாருக்கு அதிகம் வைக்கிறீங்க” என்றாள்.

எழுதியதில் ஒரு விஷயம் துலங்கியது. பகலில் கடல் காற்று மேற்கிலிருந்து வருகிறது. பார் புகை எங்களை விட்டு விலகிப் போகிறது. இரவில், அதுவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நிலம் குளிர்ந்து காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மெல்ல வருகிறது. பல நாள் அசைவதே இல்லை. மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால் கீழே உள்ள புகை எழும்பிப் போவதில்லை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் உள்ள சந்து ஒரு குழாய் மாதிரி. தகரக் கூரையில் முட்டிய புகை அதன் விளிம்பு வழியே வழிந்து, எங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடி வரை ஏறுகிறது. மூன்றாம் மாடிக்காரர்களுக்கு பாதிதான். முதல் மாடியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சொசைட்டியில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்ததன் மர்மம் இதுதான். பொய் சொன்னவர்கள் யாருமில்லை. காற்று அவரவர் ஜன்னலுக்கு ஏற்றபடி வீசியது.

அடுத்து சட்டம். நான் வக்கீல் அல்ல. படித்ததை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

ரயில்வேக்காரனுக்குத் தெரிந்த சட்டம் 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவு. பெட்டியில் உள்ள இன்னொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது. மீறினால் நூறு ரூபாய் வரை அபராதம். சக பயணியின் ஆட்சேபணைக்கு மதிப்புக் கொடுத்த நல்ல சட்டம். ஆனால் யார் ஆட்சேபித்தார்கள்? அந்தக் காலத்தில் இரண்டாம் வகுப்பில் எதிர் சீட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வெளியே உள்ள உலகத்துக்கு வழி காட்டியது கேரளம். 1999 ஜூலை 12-ல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மற்றவர்களின் வாழும் உரிமையைப் பறிப்பதாகும், பொதுத் தொல்லையும் ஆகும் என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்தவர் நம் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன். அடுத்தது நம் பம்பாய்க்காரர். முன்னாள் மேயர் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் மருத்துவமனை, பள்ளிக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் உட்பட்ட பொது வாகனம் ஆகியவற்றில் புகைக்கத் தடை விதித்தது. 2003-ல் புகையிலைப் பொருள் சட்டம் வந்தது. அதில் ஓட்டலும் சேர்ந்தது, ஆனால் ‘திறந்த வெளி நீங்கலாக’ என்று ஒரு வார்த்தையும் சேர்ந்தது. மானேஜர் என்னிடம் வீசியது இந்த வார்த்தையைத்தான்.

அவருக்குத் தெரியாதது, அந்தத் திறந்த வெளியை 2008-ம் வருஷத்து விதிகள் சுருக்கிவிட்டன என்பது. டாக்டர் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்து, அந்த வருஷம் காந்தி ஜெயந்தி அன்று அமலான விதிகள் அவை. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம் போன்று பொதுமக்கள் வந்து போகும் இடங்கள் திறந்த வெளிக் கணக்கில் சேரா என்று அதில் இருக்கிறது. பிளாட்பாரம் திறந்த வெளி ஆகாது என்றால், மேஜை போட்டு பில் கொடுக்கும் தகரக் கொட்டகை மட்டும் எப்படித் திறந்த வெளி ஆகும்?

முப்பது பேர் அமரக்கூடிய உணவகம் புகைப்பதற்கென்று தனி இடம் வைத்துக்கொள்ளலாம். அது எப்படி இருக்க வேண்டும் என்று விதி சொல்வதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுதியவர் ஏதோ ஒரு பட்டறையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை சுவர். தானாக மூடிக்கொள்ளும் கதவு. உள்ளே உள்ள காற்று நேராக வெளியே போக வேண்டும். கட்டடத்தின் மற்றப் பகுதிக் காற்றோடு கலக்கக் கூடாது. அறைக்குள் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வாசலிலோ வெளியேறும் வழியிலோ இந்த இடம் இருக்கக் கூடாது. 2017-ல் செய்த திருத்தத்தின்படி அதற்குள் எந்தப் பரிமாறலும் கூடாது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர் என்று மகள் சொன்னாள். அங்கே புகைப்பந்தலுக்குக் கூரை இருந்தால் சுவர்ப் பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். அவர்கள் சட்டம் புகையைத் திறந்து வெளியே விடச் சொல்கிறது, நம் சட்டம் அறைக்குள் அடைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் என் ஓட்டு நம் சட்டத்துக்கே.

அழுத்தக் குறைவு என்றால் என்னவென்று நீராவி எஞ்சின் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். நான் பயிற்சியில் இருந்தபோது கடைசி நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி முன்பக்கப் புகைப்பெட்டி வழியாகப் புகைபோக்கியில் பீறிட்டு வெளியேறும். போகும்போது பெட்டியில் உள்ள புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பெட்டியில் அழுத்தம் குறைந்து, கரி போடும் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயுமே தவிர நெருப்பு வெளியே வராது. ஆனால் ரெகுலேட்டரை மூடும் டிரைவர் ‘புளோயர்’ திறக்க மறந்தால் இழுவை நின்றுபோய்க் கதவு வழியே ஜுவாலை முகத்தில் அடிக்கும். இதைப் பிறகு பாருக்குள்ளும் சொல்ல வேண்டி வந்தது.

நோட்டின் நகலை வைத்து டிசம்பரில் மூன்று கடிதங்கள் எழுதினேன்: போலீஸ் ஸ்டேஷனுக்கு, மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு, கலால் துறைக்கு. ஒவ்வொன்றுக்கும் இன்வர்ட் நம்பர் போட்டு முத்திரை வாங்கினேன். இதை மட்டும் வாசகர்கள் மறக்க வேண்டாம். முத்திரை இல்லாத கடிதம் நம் மனச்சாந்திக்கு எழுதியது.

போலீஸார் வந்தார்கள். இரண்டு பேருக்குத் தலா 200 ரூபாய் அபராதம் எழுதினார்கள். சட்டத்தில் உள்ள உச்சத் தொகையே அதுதான். உள்ளே ஒரு கோப்பை சரக்கின் விலை அதைவிட அதிகம். மறுநாள் எல்லாம் பழையபடி. ஆனால் அதே விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது: முறையீடு வந்தும் உரிமையாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் விதியை மீறினார்களோ அத்தனை அபராதத்துக்கு அவரும் பொறுப்பு. என் நோட்டில் தலைக்கணக்கு இருந்தது. ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் 64. இரண்டாவது கடிதத்தில் இந்த வரியையும் அந்த எண்ணையும் எழுதினேன்.

சத்தத்துக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ம் வருஷத்து விதி சொல்கிறது. ஒலிபெருக்கி வைத்தால் பிடிக்கலாம். நாலு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் பேசினால் எந்த அளவுகோலால் பிடிப்பது? சுவரும் கதவும்தான் அதற்கு மருந்து என்று புரிந்தது.

மூன்றாவது கடிதம் தீயணைப்புத் துறைக்கு. மழைக்கும் குளிருக்குமாகக் கொட்டகையைச் சுற்றி பிளாஸ்டிக் படுதா தொங்கவிட்டிருந்தார்கள். மூங்கில், பிளாஸ்டிக், நெருப்புத் துண்டு. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கழிந்து லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்தில் மொட்டைமாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டதை இந்த ஊர் மறந்திருக்காது. ஹூக்காவிலிருந்து பறந்த கரித் துணுக்கே காரணம் என்று மாநகராட்சி விசாரணை சொன்னது. மறு வருஷம் மகாராஷ்டிராவில் ஹூக்கா பார்களுக்கே தடை வந்தது. இதை நான் மிரட்டலாக எழுதவில்லை. ஆறு மீட்டரில் எங்கள் படுக்கை அறை, அதில் ஓடி இறங்க முடியாத ஒருத்தி. ஆனால் பார் முதலாளிக்கு உறைத்தது இந்தக் கடிதம்தான் என்று பின்னால் தெரிந்தது.

இதற்கிடையில் ஒரு காலை, பால் பூத்தில் ஒரு பையன் என் அருகில் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். “அண்ணாச்சி, நீங்கதான கம்ப்ளெய்ன்ட் குடுத்தது?” என்றான். பேச்சில் திருநெல்வேலி. தாராவியில் வீடு, அப்பா தோல் பட்டறையில் வேலை செய்தவர், இப்போது படுக்கை. இவன் அந்தக் கொட்டகையில்தான் பரிமாறுகிறான், மாலை ஆறு முதல் இரவு இரண்டு வரை. சொல்லும்போதே இரண்டு தடவை இருமினான்.

“ஏன் தம்பி, சிகரெட் பிடிப்பியா?”

“இல்ல அண்ணாச்சி. அங்க நின்னா பிடிக்கவா வேணும்?” என்று சிரித்தான். பிறகு, “கடைய மூடிராதீங்க. டிப்ஸோட சேத்து மாசம் இருபதாயிரம் வருது. தங்கச்சி காலேஜ் படிக்கா” என்றான்.

என் மனைவி ஒரு ராத்திரியில் சுவாசித்ததை இவன் ஒரு மணி நேரத்தில் சுவாசிக்கிறான். 31 நாள் நோட்டில் தலைக்கணக்கு எழுதியபோது இவனை நான் எண்ணவே இல்லை. அதுவரை என் கடிதங்களின் கடைசி வரி, ‘உரிமத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன்’ என்பது. வீட்டுக்கு வந்து அந்த வரியை அடித்துவிட்டு, ‘விதிப்படி அறை கட்டவும், அதனுள் ஊழியரை நிறுத்தாதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்’ என்று மாற்றி மறுபடி அனுப்பினேன்.

பிப்ரவரியில் முதலாளி ஆள் அனுப்பினார். இந்தத் தடவை சாயங்காலம் நாலு மணிக்கு, சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு, கையில் ஒரு வரைபடத்தோடு போனேன். மங்களூர்ப் பக்கத்துக்காரர், என் வயதுதான். காப்பி வரவழைத்தார். அவருக்கும் சொல்ல இருந்தது: “உள்ளே பிடிக்கக் கூடாது என்றால் வெளியே போகிறார்கள். வெளியே கூடாது என்றால் வேறு கடைக்குப் போகிறார்கள். நான் எங்கே போவது?” நியாயம்தான். நான் படத்தை விரித்தேன்.

கொட்டகையைப் பிரித்துவிட்டு, கட்டடத்தின் எதிர்ப்பக்க மூலையில் இருந்த சாமான் அறையை எடுத்துக்கொள்வது. நாலுக்கு மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர், ஆகக் கொள்ளளவு 36 கன மீட்டர். மணிக்கு இருபது தடவை காற்று மாற வேண்டுமென்றால் 720 கன மீட்டர் இழுக்கும் விசிறி ஒன்று போதும். குழாய் சுவரோரமாக ஏறி மொட்டைமாடிக்கும் மேலே, சாலைப் பக்கம் பார்த்து முடிய வேண்டும். எங்கள் பக்கம் பார்த்து முடிந்தால் கொட்டகையே தேவலை. கதவின் அடியில் ஒரு கம்பி வலை, ஹாலிலிருந்து காற்று வர. இங்கே அவர் மறுத்தார், ஏ.சி. காற்றை உறிஞ்சி ஆகாயத்தில் விட்டால் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்றார். அரை மணி நேரம் வாதம். கடைசியில், ஹாலுக்கு முன்னால் உள்ள ஏ.சி. இல்லாத நடையிலிருந்து காற்று எடுப்பது என்று முடிவாயிற்று. அது அவர் யோசனை, என்னுடையதைவிட நல்லது.

ஏப்ரலில் அறை தயாரானது. ஒன்றரை லட்சம் ஆனதாகச் சொன்னார். சோதனைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மனைவியிடம் ஊதுவத்திப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனேன். கதவிடுக்கில் காட்டியதும் புகை கோடு போட்டதுபோல் உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. மானேஜருக்கே ஆச்சரியம், அவர் ஒரு சிகரெட் பற்றவைத்து இன்னொரு தடவை சோதித்தார்.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி வீட்டில் மறுபடி வாடை. போய்ப் பார்த்தால் பதினொரு மணிக்குப் பிறகு கூட்டம் குறைந்தது என்று விசிறியை அணைத்திருக்கிறார்கள், புகை நடைக்கு வந்து ஜன்னல் வழியே சந்தில் இறங்குகிறது. அப்போதுதான் ரெகுலேட்டர், புளோயர் கதையை மானேஜருக்கு ஹிந்தியில் சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, மறுநாள் எலெக்ட்ரிஷியனை வரவழைத்து விசிறியையும் அறை விளக்கையும் ஒரே சுவிட்சில் இணைக்கச் செய்தேன். இருட்டில் நின்று யாரும் புகைப்பதில்லை.

முழுவதும் தீர்ந்ததா என்றால் இல்லை. சனிக்கிழமைகளில் அறை நிரம்பி, சிலர் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று பற்றவைக்கிறார்கள். அதற்கு என்னிடம் விதியும் இல்லை, விசிறியும் இல்லை. காற்று நம் பக்கம் வீசினால் அன்று ஜன்னலைச் சாத்துகிறோம். போன குளிர்காலம் முழுவதிலும் நெபுலைசர் எடுத்தது இரண்டு தடவை.

வாசகர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குவது பற்றிய பழைய 278-வது பிரிவு இப்போது 280; அபராத உச்சம் ஆயிரம் ரூபாய். பொதுத் தொல்லையை நீக்க நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவிடும் பழைய 133-வது பிரிவு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 152. கடிதம் எழுதுபவர்கள் பழைய எண்ணைப் போட்டு அனுப்பிவிட வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது ஹாலில் பரிமாறுகிறான். புகை அறைக்குள் யாரும் தட்டு எடுத்துப் போவதில்லை. ஆனால் கடை மூடிய பிறகு சாம்பல் கிண்ணங்களை எடுத்துக் கழுவுவது இன்னும் அவன் வேலைதான். விசிறியைப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு உள்ளே போ என்று சொல்லியிருக்கிறேன். “சரி அண்ணாச்சி” என்கிறான். செய்கிறானா என்று இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.